நாயகனின் தாய்

அன்று காலைத் தேநீர் வருவதற்கு முன்பே ஜெசிந்தா ஒரு கால்விரலை முறித்திருந்தாள். ஒரு பையனின் பசியை அடுத்த வேளை வரைக்கும் நீட்டியிருந்தாள். ஒரு வாள்வீரனின் நெற்றியில் விழப்போகும் வெட்டுக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டுத் தன் நெற்றியை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள். அங்கே ஒன்றும் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. ஆனாலும் கை தானாகப் போகும்.

அவள் மேசையில் பெரிதாக எதுவும் கிடையாது. ஒரு திரை, ஒரு தண்ணீர் பாட்டில், உள்ளங்கை அளவுக்கு வழவழப்பான ஒரு தகடு. திரையில் கோரிக்கை வரும். சரி என்று பட்டால் தகட்டில் கையை வைக்க வேண்டும். வைத்த கணத்தில் அந்த வலியின் நிழல் கொஞ்சம் அவளுக்கும் வரும். விரல் முறிந்தால் விரலில் ஒரு சுண்டல், பசி என்றால் வயிற்றில் ஒரு காந்தல். இரண்டு மூச்சு விடுவதற்குள் போய்விடும். தூத்துக்குடியின் பழைய கடற்கரைச் சாலை தண்ணீருக்குள் போன பிறகு கட்டிய கோபுரத்தின் பதினோராவது மாடியில், ‘சூறை’ வார இதழின் வலிப் பொறுப்பாளராக அவள் இந்த வேலையைத்தான் செய்து வந்தாள்.

‘சூறை’ ஷோனென் வகைப் படக்கதை இதழ். ஜப்பானில் பையன்களுக்கென்று பிறந்து, பிறகு உலகத்தில் எல்லா வயதுக்காரர்களும் படிக்கத் தொடங்கிய அதே மங்கா. ஆனால் இப்போது யாரும் அதை உட்கார்ந்து யோசித்து வரைவதில்லை. விதைக்கிறார்கள். கணிப்பொறிக்குள் ஒரு கதைக்களத்தை உருவாக்கி, அதில் மனிதர்களைப் பிறக்கவிட்டு, அவர்கள் பாட்டுக்கு வாழ விட்டுவிடுகிறார்கள். அங்கே நடப்பதை வரைபொறி வாராவாரம் பக்கங்களாக்கித் தருகிறது. அதற்கு நிகழ்வரை என்று பெயர். அந்த மாந்தர்கள் நிஜமாகவே உணர்கிறார்களா என்ற வழக்கு பல வருடம் நடந்தது. உணர்கிறார்கள் என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை. இல்லை என்றும் நிரூபிக்க முடியவில்லை. கடைசியில் ஒரு சட்டம் வந்தது. கதைக்குள் யாருக்கும் எந்தத் துன்பமும் தானாக வரக்கூடாது. ஒரு மனிதர் பார்த்து, யோசித்து, தானும் துளி அனுபவித்துத்தான் அதை அனுப்ப வேண்டும்.

அந்தக் கால்விரல் ஓரியுடையது.

ஓரிக்குப் பதினான்கு வயது. கடலும் தீவுகளுமான ஓர் உலகத்தில், முதுகில் பாய் கட்டிக்கொண்டு காற்றின் மேல் ஏறிப் பறக்கும் பாய்வீரர்களுக்கு நடுவே வாழ்கிறான். ஏழு கடலுக்கும் தலைப் பாய்வீரன் ஆகப்போவதாகச் சந்தையில், துறையில், சோறு தின்னும்போது வாயில் பருக்கையோடு எல்லாரிடமும் அறிவித்துக்கொண்டே இருப்பான். ஆனால் அவனுக்குச் சரியாகப் பறக்க வராது. குன்றிலிருந்து குதிப்பான், நாலு பனை உயரம் போவான், கவிழ்ந்து கடலில் விழுவான். எல்லாரும் சிரிப்பார்கள். அவன் தலையை வெளியே நீட்டி, “விழுந்தா என்ன, தண்ணிதானே!” என்று கத்துவான். இன்று விழுந்தபோது பாறையில் கால் பட்டுவிட்டது. விரல் முறிந்துபோயிற்று. “இது தண்ணி இல்லையே” என்று அவன் யோசனையோடு முனகியதைப் பார்த்து ஜெசிந்தா தன் சுண்டிய விரலோடு தனியாகச் சிரித்தாள்.

தேநீரோடு இசக்கியப்பன் வந்தார். இதழின் தலைமை ஆசிரியர். அறுபதைத் தொட்டவர். கையால் வரைந்த காலத்தின் கடைசி ஆட்களில் ஒருவர் என்பதால் விரலில் இன்னமும் மைக்கறை இருப்பதுபோல் அடிக்கடி வேட்டியில் துடைத்துக்கொள்வார்.

“ஓரி வாசகர் பட்டியல்ல கடைசி இடத்துக்கு வந்துட்டான்மா” என்றார் உட்காராமலே.

“எத்தனை வாரம் தருவாங்க அண்ணாச்சி?”

“கதையில இந்தப் பறக்கும் போட்டி முடியிற வரைக்கும். அதுக்குள்ள ஏறலைன்னா களத்தை நிறுத்திருவாங்க.”

களத்தை நிறுத்துவது என்றால் ஓரி மட்டும் நிற்பதில்லை. தீவுகள், துறைகள், அவனைப் பார்த்துச் சிரிக்கும் மீன்காரிகள், அவன் எதிராளி கீரன், எல்லாரும் பேசிக்கொண்டிருந்த வார்த்தை பாதியில் இருக்க அப்படியே நின்றுவிடுவார்கள். மறுபடி ஓட்டியதாக இதுவரை எந்தக் களமும் இல்லை.

இசக்கியப்பன் திரையைத் தொட்டு ஒரு கோரிக்கையைத் திறந்து வைத்தார். ஒரே ஒரு வரி இருந்தது. நாயகனின் தாய், மரணம், போட்டியின்போது. பக்கத்தில் வேட்கை எண். அடுத்த வாரத்துக்காக வாசகர்கள் எவ்வளவு ஏங்குவார்கள் என்று பொறி கணித்துச் சொல்லும் எண் அது. அவ்வளவு பெரிய எண்ணை ஓரியின் பெயருக்கு எதிரே ஜெசிந்தா பார்த்ததே இல்லை.

“அவ என்ன செஞ்சா அண்ணாச்சி?”

“ஒண்ணும் செய்யல. அதான் சங்கடம்.” அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நான் முப்பது வருசமா நாயகன்களைப் பார்த்தவன். சொல்லுதேன் கேளு. ஆசை வானத்தளவு இருக்கணும், திறமை கையளவு இருக்கணும். ஓரிக்கு ரெண்டும் இருக்கு. கூட்டாளிக்காக உசிரைக் குடுக்கணும், அதுவும் இருக்கு. பொய் சொல்லத் தெரியாது, நல்லாத் திங்கான், எதிராளி அழுதா இவனும் அழுதான். எல்லாம் சரி. ஆனா எதுக்காக இவன் திரும்பத் திரும்ப எந்திரிக்கான்? அதுக்கு ஒரு காயம் வேணும்மா. ஊரு எரிஞ்சிருக்கணும், அண்ணன் செத்திருக்கணும், தாய் போயிருக்கணும். காயம் இல்லாதவன் எந்திரிச்சா அது உடற்பயிற்சி. காயம் பட்டவன் எந்திரிச்சாத்தான் கதை.”

“நீங்க வரைஞ்ச காலத்துல எத்தனை அம்மாவைக் கொன்னீங்க?”

“நிறைய” என்றார் அவர். சொல்லிவிட்டு வேட்டியில் விரலைத் துடைத்தார். “அப்போ அது வெறும் மைம்மா. அதனால கஷ்டமில்லாம செஞ்சேன். இப்ப உன்னைக் கேக்கத்தான் எனக்கு வாய் வரல. ஆனா ஒருத்தியா, ஒரு உலகமான்னு பார்த்தா நான் என்ன சொல்ல முடியும்?”

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் ஜெசிந்தாவுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. கெட்டவராக இருந்தால் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டுப் போகலாம். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினாள்.

மாலையில் படகுப் பேருந்தில் வீடு திரும்பும்போது அவள் ஓரியின் அம்மாவைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தாள். அந்த அம்மாவின் பெயர் மாசாத்தி. கோரிக்கையில் அந்தப் பெயர் இல்லை, ஆனால் ஜெசிந்தா அவளை நன்றாக அறிவாள். போட்டி நடக்கும்போது திருப்பத்தில் கொடிப்படகை நிறுத்திப் பிடித்திருப்பது அவள் வேலை. மகன் விழுந்து வரும்போதெல்லாம் ஆறுதல் சொல்லமாட்டாள். பாயை வாங்கி எங்கே கிழிந்திருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “இடது பக்கமே சாயுற. அங்கதான் கிழியுது” என்பாள். அவ்வளவுதான். கதைக்கு அவளால் ஒரு பயனும் இல்லை என்று வேட்கை எண் எப்போதோ சொல்லிவிட்டது.

வீட்டில் ஸ்டெல்லா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தாவின் தங்கை, மிதவை மருத்துவமனையில் செவிலி. அவளுக்கு ‘சூறை’ என்றால் உயிர். அக்காவின் வேலையைப் பற்றி வீட்டில் பேசக்கூடாது என்பது ஒப்பந்தம். ஆனால் படித்த கதையைப் பற்றிப் பேசலாம்.

“ஓரி எப்படிடீ இருக்கான்?” என்று கேட்டாள் ஜெசிந்தா, கை கழுவிக்கொண்டே.

“நல்ல பயதான்.” ஸ்டெல்லா மீனைத் திருப்பிப் போட்டாள். “ஆனா யக்கா, அவனைப் பத்தி எனக்குக் கவலையே வரமாட்டேங்கு. விழுதான், எந்திரிக்கான், அம்மா பாயைத் தைக்கா. கையை விட்டுப் போகும்னு அவன்கிட்ட என்ன இருக்கு? மத்த கதைன்னா வாரம் பூரா நெஞ்சு பக்குபக்குன்னு இருக்கும்.”

“அம்மா செத்தா கவலை வருமா?”

ஸ்டெல்லா கரண்டியோடு திரும்பினாள். அக்கா ஏன் கேட்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. ஒப்பந்தத்தை மீறாமல் பதில் சொல்லப் பார்த்தாள்.

“வரும். அழுவேன். அப்புறம் அவன் எந்திரிக்கும்போது நானும் கூட எந்திரிப்பேன். நம்ம அப்பா போகலையா? கடல்சுவர் உடைஞ்ச வருசம் நீ பத்தாப்பு. அதுக்கப்புறம்தான நீ படிச்ச, என்னை வளர்த்த, இப்படி ஆன. எல்லாரும் சொல்லுவாங்கல்லா, அந்த அடிதான் ஜெசிந்தாவை ஆளாக்குச்சுன்னு.”

“எல்லாரும் சொல்லுவாங்க” என்றாள் ஜெசிந்தா.

தட்டை எடுத்து வைத்தாள். சோறு போட்டாள். பிறகு, இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

“அப்பா இருந்திருந்தா நான் இதைவிட நல்லா வந்திருப்பேன் ஸ்டெல்லா. கொஞ்சம் சோம்பேறியாக்கூட இருந்திருப்பேன். ராத்திரி பயப்படாமத் தூங்கியிருப்பேன். அந்த அடி என்னை ஆளாக்கல. அடி வாங்குறதுக்கு முன்னாலயே என்கிட்ட ஏதோ இருந்துச்சு, அது மிச்சமாச்சு. அவ்வளவுதான்.”

ஸ்டெல்லா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் அலுவலகம் போனதும் ஜெசிந்தா சட்டப் பிரிவைத் திறந்து படித்தாள். மரண அனுமதி என்று ஒன்று இருப்பதுபோல இடர் அனுமதி என்றும் ஒன்று உண்டு. மரண அனுமதியில் முடிவு உறுதி. பொறி அதற்கேற்றபடி காற்றை, அலையை, கயிற்றின் முடிச்சைத் திருப்பிக்கொள்ளும். இடர் அனுமதியில் புயலை மட்டும் அனுப்பலாம். அதில் யார் பிழைப்பார், யார் போவார் என்று பொறிக்கே தெரியாது. பதிப்பகங்கள் அதை விரும்புவதில்லை. நாயகனே செத்துப்போனால் தொடரை என்ன செய்வது?

இசக்கியப்பனைக் கூப்பிட்டு, இடர் அனுமதி கொடுக்கப்போவதாகச் சொன்னாள். அவர் முகம் வெளிறியது.

“பய செத்துட்டா?”

“அதுவும் நடக்கலாம் அண்ணாச்சி.”

“அவ பிழைச்சு, இவனும் பிழைச்சு, ஒண்ணுமே ஆகலைன்னா? அப்பவும் களத்தை நிறுத்திருவாங்களே.”

“தெரியும். நேத்து நீங்க சொன்னதை யோசிச்சுப் பார்த்தேன். காயம் வேணும்னீங்க. காயம்னா நம்ம அவன்கிட்ட இருந்து பறிக்கிறது. பறிச்சா அவன் பாவம்னு தோணும், சரி. ஆனா அவன் யாருன்னு தெரியாதே? அவனா எதையாவது விடுறானான்னு பார்ப்போம். அவன் யாருன்னு அவன்கிட்டயே கேப்போம்.”

“உன் கையி” என்றார் அவர். “நான் தடுக்க முடியாது. ஆனா இங்கதான் உக்காந்திருப்பேன்.”

ஜெசிந்தா தகட்டில் கையை வைத்தாள். வலி ஒன்றும் வரவில்லை. பயம் மட்டும் வந்தது, ஈரத்துணியை முதுகில் போட்டதுபோல.

போட்டி தொடங்கியது. குன்றின் உச்சியிலிருந்து முப்பது பாய்வீரர்கள் ஒன்றாகக் குதித்தார்கள். ஓரி வழக்கம்போல இடதுபக்கம் சாய்ந்தான், கவிழப்போனான். ஆனால் மேற்கே கருத்துத் திரண்ட காற்று வந்து அவனைக் கீழிருந்து தூக்கியது. மற்றவர்கள் அந்தக் காற்றைக் கண்டு பயந்து தாழப் பறந்தார்கள். ஓரிக்குப் பயப்படத் தெரியவில்லை, அல்லது தாழப் பறக்கத் தெரியவில்லை. மேலே மேலே போனான். வாழ்க்கையில் முதல்முறையாக எல்லாரும் அவனுக்குக் கீழே இருந்தார்கள்.

“அம்மா! பாரு! முன்னால நான்தான்!” என்று அவன் கத்தியதைக் கேட்டு இசக்கியப்பன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

கொடிப்படகைத் தாண்டும்போது மாசாத்தி அவனை நிமிர்ந்து பார்த்தாள். கையசைக்கவில்லை. “வலது! வலது பக்கம்!” என்று மட்டும் கத்தினாள். அவன் வலது பக்கம் அழுத்தினான். பாய் நேராயிற்று. எல்லைக்கோடு தெரிந்தது. அப்போது புயல் விழுந்தது.

கொடிப்படகு ஒரே அலையில் கவிழ்ந்தது. ஓரி அதைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் வந்த கீரன்தான் பார்த்தான். கீரன் தீவிலேயே சிறந்த பாய்வீரன். ஓரியை ஒருநாளும் மதித்ததில்லை. ஒன்றும் சொல்லாமல் தாண்டிப்போயிருந்தால் யாரும் அவனைக் குறை சொல்லியிருக்க முடியாது.

“டேய் ஓரி! உங்கம்மா!” என்று கத்தினான் கீரன்.

ஓரி திரும்பிப் பார்த்தான். எல்லைக்கோட்டைப் பார்த்தான். ஜெசிந்தாவின் கை தகட்டிலேயே இருந்தது. பதினான்கு வயதுப் பையன் ஒரு கோட்டைப் பார்த்த அந்தப் பார்வையை வரைபொறி பிறகு ஒரு முழுப் பக்கமாக வரைந்தது. அதில் வீரம் கொஞ்சமும் இல்லை. கையிலிருந்த இனிப்பை யாரோ தட்டிவிட்ட குழந்தையின் முகம் அது. அந்த முகத்தோடு அவன் பாயை மடக்கிக் கல்லைப்போலக் கீழே விழுந்தான். விழுகிறபோதே, “கீரா! நீ போய்க் கோட்டைத் தொட்டுரு! தொட்டுட்டு வா! ஆனா வா!” என்று கத்தினான்.

தண்ணீருக்குள் மாசாத்தியின் கை படகின் அடியில் நசுங்கி மாட்டியிருந்தது. ஓரி முங்கி இழுத்துப் பார்த்தான். வரவில்லை. படகைத் தூக்க ஆள் இல்லை, கயிறும் இல்லை. அவனிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டு பருவகாலம் மீன்பிடித்து, கூலிக்குச் சுமந்து, அம்மாவும் அவனும் சேர்ந்து தைத்த பாய். அவன் பல்லால் கடித்தும் கத்தியால் அறுத்தும் அதை நீளநீளமாகக் கிழித்தான். முறுக்கினான். படகின் விளிம்பில் கட்டி, மறுமுனையைப் பக்கத்தில் நின்ற பாறையில் சுற்றி, அலை தூக்கும்போதெல்லாம் ஒரு சுற்று இழுத்துச் சுருக்கினான். ஒவ்வொரு கிழிப்புக்கும் அவன் வாய்விட்டு அழுதது புயலிலும் கேட்டது. மாசாத்தி மூக்குவரை தண்ணீரில் இருந்தபடி அவன் கிழிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கும் உயிர்மேல் ஆசை இருந்தது.

சுருக்குப் போதவில்லை. ஓரியின் கை நழுவத் தொடங்கியது. ஜெசிந்தாவுக்கு மூச்சு முட்டியது. தாங்க முடியாவிட்டால் தகட்டிலிருந்து கையை எடுத்துவிடலாம், சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. அவள் எடுக்கவில்லை.

மழைக்குள்ளிருந்து கீரன் வந்தான். கோட்டைத் தொட்டிருந்தான். மாலையை வாங்க நிற்காமல் அதே வேகத்தில் திரும்பியிருந்தான். அவனும் தண்ணீரில் குதித்து அந்தப் பாய்க்கயிற்றைப் பிடித்தான். இரண்டு பேரும் அடுத்த அலைக்குக் காத்திருந்து ஒன்றாக இழுத்தார்கள். படகு புரண்டது. மாசாத்தி வெளியே வந்தாள்.

இசக்கியப்பன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். “முப்பது வருசத்துல” என்று தொடங்கினார். பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

மறுநாள் முழுக்க ஓரி அழுதான். நாயகர்கள் அப்படி அழுவதில்லை. அம்மா பிழைத்ததற்கு ஆனந்தக் கண்ணீர் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை, ஏனென்றால் அவன் தெளிவாகவே சொன்னான். “என் பாயி. ஜெயிச்சிருப்பேன். முன்னால இருந்தேன்.” கட்டுப்போட்ட கையோடு மாசாத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழாதே என்று சொல்லவில்லை. நன்றி சொல்லவும் இல்லை. அழுது முடிந்து அவன் சோறு கேட்டபோது, இரண்டு ஆள் சாப்பாட்டை ஒரே தட்டில் போட்டு ஒரு கையால் அவன் முன்னால் தள்ளினாள்.

ஜெசிந்தாவின் கை வழியாக வந்த கடைசி வலி அந்தப் பாய்க்கானது. அது சின்ன வலி இல்லை. அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து அதை முழுசாக அனுபவித்தாள்.

இதழ் வெளிவந்த காலையில் மருத்துவமனையிலிருந்து ஸ்டெல்லா அழைத்தாள். பின்னணியில் வேறு செவிலிகளின் சத்தம் கேட்டது.

“பாவி, அந்தப் பாயைப் போய்க் கிழிச்சுட்டானே யக்கா! இங்க எல்லாரும் அழுதோம். ‘தொட்டுட்டு வா, ஆனா வா’ன்னு சொன்னான் பாரு, ஒரு டாக்டர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்காரு, அழுதாரு. இனிமே அவன் எதை வச்சுப் பறப்பான்? கீரன் ஒரு பாயைக் குடுப்பானா? சொல்லாத, சொல்லாத! ஒப்பந்தம்!”

“எனக்கே தெரியாதுடீ” என்றாள் ஜெசிந்தா. அது உண்மை.

ஓரி முதலிடத்துக்கெல்லாம் வரவில்லை. கடைசியிலிருந்து நான்கு படி ஏறினான், களம் ஓடுவதற்கு அது போதும். இசக்கியப்பன் ஒரு பெட்டி முந்திரி மக்ரூன் இனிப்பு வாங்கிவந்து மாடி முழுக்கக் கொடுத்தார். ஜெசிந்தாவுக்கு இரண்டு.

“நான் சொன்னதுல ஒண்ணு தப்பும்மா” என்றார் வாயில் மக்ரூனோடு. “காயம் பட்டவன் எந்திரிச்சாத்தான் கதைன்னேன். இவன் அழுதுட்டுக் கெடந்தான், அப்பவே கதையாயிட்டான். நாம விரும்புற ஆளு ஜெயிக்கணும்னு கூட இல்ல போல. தன்னோட ஆசையை நிஜமாவே ஆசைப்படணும். அதையும் விடணும். விட்டது வலிக்கவும் வலிக்கணும்.”

“எழுதி வச்சுக்கோங்க.”

“எழுதினா சூத்திரம் ஆயிரும். அப்புறம் எல்லாப் பயலும் பாயைக் கிழிக்க ஆரம்பிச்சுருவானுக.”

இருவரும் சிரித்தார்கள். நீண்ட நாளைக்குப் பிறகு அந்த மாடியில் சத்தமாக ஒரு சிரிப்பு.

அடுத்த வாரம் திங்கட்கிழமை காலை, திரையில் முதல் கோரிக்கையாக அது நின்றது. நாயகனின் தாய், மரணம். பக்கத்தில் வேட்கை எண். போன தடவை இருந்ததைப்போல மூன்று மடங்கு.

ஜெசிந்தாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தபோது, தகட்டில் கை வைக்காமலே வலித்தது. மாசாத்தியை முன்பு யாருக்கும் தெரியாது. இப்போது ஊரே அவளை நேசிக்கிறது. அவள் சோற்றுத் தட்டைத் தள்ளிய அந்தப் படத்தைப் பிள்ளைகள் வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். அதனால் அவள் சாவுக்கு இப்போது மதிப்பு கூடிவிட்டது. காப்பாற்றியதாலேயே விலை ஏறிவிட்டது. இனி எவ்வளவுக்கு அவளைப் பிடிக்கிறதோ அவ்வளவுக்கு இந்தக் கோரிக்கை பெரிதாகிக்கொண்டே வரும்.

இசக்கியப்பன் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

“நான் அனுப்பலம்மா. பொறியே அனுப்புது.”

“தெரியும் அண்ணாச்சி.”

“நீ மறுத்தா அடுத்த வாரமும் அனுப்பும். அதுக்கு அடுத்த வாரமும். நீ லீவுல போனா, உன் இடத்துல யார் உக்காந்திருக்காங்களோ அவங்களுக்கு அனுப்பும்.”

“அப்போ நான் லீவு போடக்கூடாது.”

இந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்று அவள் எத்தனையோ தடவை நினைத்ததுண்டு. வலிப் பொறுப்பாளர்கள் யாரும் இந்த நாற்காலியில் அதிக காலம் இருந்ததில்லை. நல்லவர்கள் சீக்கிரம் போய்விடுவார்கள், பழகிப்போனவர்கள் மட்டும் தங்குவார்கள். அன்று காலை அவளுக்கு அந்த நினைப்பு வரவில்லை.

மறுப்பதற்குத் தகடு தேவையில்லை. காரணத்தை வாயால் சொன்னால் போதும், பதிவாகும். அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு சொன்னாள். “மாசாத்திக்குக் கை இன்னும் குணமாகல. பையனுக்குப் புதுப் பாய் தைக்கணும். எங்க கிழியும்னு அவளுக்குத்தான் தெரியும். மறுக்கிறேன்.”

கோரிக்கை அணைந்தது. அடுத்தது வந்தது. வேறு தொடர், வேறு களம். மலைநாட்டில் வாள் பழகும் ஒரு பையனின் கதை, பட்டியலில் முதலிடத்தில் இருப்பது. அந்த வரியிலும் அதே வார்த்தைகள்தான் இருந்தன. நாயகனின் தாய், மரணம்.

ஜெசிந்தா கையைத் தகட்டின் பக்கம் கொண்டுபோகவில்லை. மடியிலேயே வைத்திருந்தாள்.

“அண்ணாச்சி, இந்த அம்மா பேரு என்ன?”

இசக்கியப்பன் திரையைப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்து மறுபடி பார்த்தார். அந்தத் தொடரை விதைத்தவரே அவர்தான். அவருக்குத் தெரியவில்லை.

“இரு” என்று உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். “முதல் அத்தியாயத்துல இருந்து பார்ப்போம். எங்கயாவது யாராவது அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாங்க.”